கில்பட் அத்தானும் குப்பிக்குள் இருந்த ஏற்பியும்

என் அக்கா அஜித்தாவைக் கட்டிய கில்பட் அத்தான் வாயால் பேசியதைவிடக் கையால் பேசியதுதான் அதிகம். புத்தளம் பக்கத்து எத்தாளைக் கரையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சிலரைக் கேட்கவே தேவையில்லை, முகத்தைப் பார்த்தால் போதும். வலைக் கயிறு இழுக்கிற றொமேஷுக்கு முன்பல் இல்லை. இழுக்கிற நேரத்தில் போனில் கதைத்த குற்றம். ஒருநாள் கழுதையை இடித்துவிட்டு நிற்காமல் போன லொறிக்காரனைத் துரத்திப் பிடித்து இறக்கி அடித்தார். திரும்பி வந்து, நடுரோட்டில் நின்றதற்காகக் கழுதைக்கும் இரண்டு போட்டார். இதைச் சொல்லி ஊரே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அக்காவின் தோளில் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்த நாட்களில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவரைப் பற்றி நல்லதாக எழுது என்று அக்கா கேட்கவில்லை. கெட்டதாக எழுதாதே என்றும் சொல்லவில்லை. உள்ளதை எழுதுகிறேன். எனக்கு அவர் மேல் ஆத்திரம் இருக்கிறது, அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியாது.

அத்தானுக்கு அடியைப் பழக்கியவர் அவருடைய அப்பா அருளப்பு. அவரும் கரைவலைக்காரர்தான். வலையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக இறக்கி, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுக்கிற தொழில். அருளப்பு மகனை அடித்தது நனைந்த கயிற்றின் நுனியால். அந்தத் தழும்புகளை அத்தான் ஒருநாளும் மறைத்ததில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கரையில் நிற்பார். இதால்தான் மனிதனானேன் என்று பொடியன்களுக்கு முதுகைக் காட்டுவார். ஆனாரா இல்லையா என்பதை வாசிக்கிறவர்கள் முடிவு செய்யட்டும்.

தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் எங்கே நிற்கிறது என்று சொல்வார், சொன்ன இடத்தில் மீன் நிற்கும். காற்று கிளம்பிய ஒரு பின்னேரம், கவிழ்ந்த வள்ளத்தில் தொங்கிக்கொண்டிருந்தவர்களைத் தனியாளாகப் போய் இழுத்துக்கொண்டு வந்ததும் அவர்தான். கரைக்கு ஏற்றிய கையோடு அவர்களையும் அடித்தார், அந்தக் காற்றில் போனதற்காக. அவருக்கு அன்பு வந்தாலும் கைதான் நீளும். அதுதான் அவரோடு இருந்த வில்லங்கம்.

ஒரே பிள்ளை கெவின். உயர்தரத்தில் உயிரியல் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் போக வெட்டுப்புள்ளி போதாமல் வலைக்கு வந்தவன். மெதுவாகப் பேசுவான். மீன் பொறுக்கும்போது நண்டுக் குஞ்சைத் தனியாக எடுத்துத் தண்ணீரில் விடுவான். அத்தானுக்கு மகன்தான் உலகம். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது அழுகிற தகப்பனை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் அந்த உலகத்தைக் கரையில் எல்லோருக்கும் முன்னால் வைத்து அறைவதற்கும் அவர் கூச்சப்படவில்லை.

இனிப் பாம்புக் கதைக்கு வருகிறேன்.

கரைவலையின் மடி, மீன் சேர்கிற அந்த நடுப்பை, மணலுக்கு ஏறும்போது மீனோடு கடற்பாம்பும் வரும். நெத்தலிக் குவியலுக்குள் கையை விட்டால் வால் தட்டுப்படும். வாலில் பிடித்து, தலைக்கு மேலே ஒரு சுழற்றுச் சுழற்றிக் கடலுக்கு எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்த மீனைப் பொறுக்க வேண்டும். எங்கள் கரையில் அதுதான் முறை. கொல்லக் கூடாது, கொன்றால் அடுத்த வலை வெறும் வலையாக வரும். தடியால் தள்ளக் கூடாது. பயந்து கையை இழுக்கவே கூடாது, இழுத்தவனை ஊர் ஒரு கிழமைக்கு விடாமல் நக்கலடிக்கும். தண்ணீரை விட்டு ஏறிய பாம்புக்கு வாய் கட்டிவிடும் என்று அருளப்பு சொல்லிவைத்ததை அத்தான் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். நாங்களும்தான்.

யாரும் கடிபடவில்லையா என்றால், பட்டிருக்கிறார்கள். வலைக்கடியன் என்று நாங்கள் சொல்கிற பாம்பு கடித்தால் வலிக்காது. மீன்முள் கீறியதுபோல இருக்கும், கையை உதறிவிட்டு வேலையைப் பார்ப்போம். பிறகு உடம்பு நோகிறது என்று ஆள் படுப்பார். சிலர் எழும்பினார்கள், சிலர் எழும்பவில்லை. எழும்பாதவர்களை மாரடைப்பு என்று சொல்லிப் புதைத்தோம். கடி வலிக்காததால் கடிக்கவே இல்லை என்று முடிவு கட்டிய சனம் நாங்கள்.

இதைக் கரைக்கு வந்து சொன்னவள் மயூரதி. உடப்பு ஊர்ப் பிள்ளை. பல்கலைக்கழகமொன்றில் பாம்பு விஷத்தை ஆராய்கிறவள். நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம். வலை இழுக்கிற காலம் தொடங்கியதும் வந்து, மீன் வியாபாரி முபாரிஸ் நானாவின் ஐஸ் கொட்டிலுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்தாள். மடியில் வருகிற வலைக்கடியனைக் கடலுக்கு எறியாமல் தன்னிடம் தரச் சொன்னாள். விஷத்தை எடுத்துக்கொண்டு பாம்பை அவளே கடலில் விட்டுவிடுவாள். கொல்லாததால் அத்தானுக்கும் மறுப்பில்லை. கெவின் அவளுக்கு உதவிக்கு நின்றான். அவன் முகத்தில் அந்த நாட்களில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

முபாரிஸ் நானாவின் பெரிய குளிர்பெட்டிக்குள் அவளுடைய சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் விரல் நுனி அளவில் கண்ணாடிக் குப்பிகள். குப்பியின் அடியில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற வெள்ளைப் பூச்சு. ஒருநாள் வலை காய்ந்துகொண்டிருந்தபோது அது என்னவென்று அத்தான் கேட்டார். அவள் மணலில் குந்தியிருந்து விளங்கப்படுத்தினாள்.

அதன் பெயர் ஏற்பி. நம்முடைய தசையில், நரம்பு வந்து முடிகிற இடத்தில் நிற்கிற ஒரு புரதம். கையைத் தூக்கு என்று மூளை இடுகிற கட்டளையை நரம்பு கொண்டுவரும், ஏற்பி வாங்கித் தசைக்குள் கொடுக்கும். பாம்பின் விஷம் போய் அந்த ஏற்பியின் மேல் குந்திக்கொள்கிறது. குந்தினால் கட்டளை உள்ளே போகாது. முதலில் கண்ணிமை விழும், பிறகு நாக்கு, கழுத்து, கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் மயங்காது. குப்பிக்குள் இருப்பதும் மனித ஏற்பிதான், ஆனால் எந்த மனிதனையும் வெட்டி எடுத்ததல்ல. மனிதனுடைய மரபணுவை வேறு உயிரணுக்களுக்குள் புகுத்தி, வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் செய்வித்தது. எங்கள் கரைப் பாம்பின் விஷம் அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்க்கத்தான் அவள் வந்திருக்கிறாள்.

அத்தான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். வலை தவிர வேறொன்றுக்கு அவர் அப்படிக் காது கொடுத்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"அப்ப விசம் இதைக் கண்டா, இதிலதான் போய்க் குந்துமா மிஸ்?"

"ஓம் அண்ணே."

"மனிசன விட்டுட்டு?"

"குப்பிக்குள்ள அப்படித்தான். ஆனா மனிசனுக்கு ஏத்துற சாமான் இல்ல இது. மருந்து கண்டுபிடிக்கிறதுக்கு இன்னும் கனதூரம் போகோணும்."

அத்தான் முதல் பாதியை எடுத்துக்கொண்டு மற்றதைக் காற்றில் விட்டுவிட்டார். எந்தப் பதிலையும் பாதியிலேயே கேட்டு முடிக்கிறவர் அவர்.

அன்றே அவள் இன்னொன்றையும் காட்டினாள். றப்பர் பையொன்று, அதன் வாயில் முகத்தை மூடுகிற மூடி. மூச்சு நின்றவனுக்கு முகத்தில் இதை வைத்து அமுக்கினால் காற்று உள்ளே போகும். விஷம் நாட்பட விட்டுவிடும், அதுவரைக்கும் அவனுக்காக யாராவது மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஆள் பிழைப்பான், கையை எடுத்தால் முடிந்தது என்றாள். பந்துக்குக் காற்றடிக்கிற சாமான் என்று ஆட்கள் சிரித்தார்கள். அக்கா மட்டும் அதை வாங்கி, கெவினின் முகத்தில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். அவன் கன்னம் உப்பிச் சிரித்தான். அத்தான் அதற்குள் எழுந்து போய்விட்டார்.

மீன் பொறுக்குகிறவர்களுக்கென்று அவள் தடித்த றப்பர்க் கையுறைகளும் கொண்டுவந்திருந்தாள். யாரும் தொடவில்லை. கெவின் போட்டுக்கொண்டான். மடியைச் சுற்றி எல்லோரும் குந்தியிருந்த நேரம், அத்தான் வந்து மகனின் கையைப் பார்த்தார். செவிட்டைப் பொத்தி ஓர் அறை. கெவின் மீன் குவியலுக்கு மேலேயே விழுந்தான். கையுறைகளை உருவி, ரொட்டி சுட மூட்டியிருந்த நெருப்புக்குள் எறிந்தார். என்ட அப்பன் போடாததை நீ போடுறியா என்று மட்டும் கேட்டார். றப்பர் எரிந்த நாற்றம் மத்தியானம் வரைக்கும் கரையிலிருந்த வாடிக் குடிசைகளில் நின்றது. அன்றிலிருந்து கெவின் வெறுங்கையோடுதான் பொறுக்கினான்.

அந்தக் கையில்தான் கடித்தது.

பெரிய மடி ஏறிய நாள் அது. கரையே சந்தோசமாக இருந்தது. நெத்தலிக்குள் பாம்புகளும் நிறையக் கிடந்தன. கெவின் ஒருதரம் கையை உதறியதை நான் கண்டேன். முள்ளு, மாமா என்றான். கூடை கூடையாக முபாரிஸ் நானாவின் லொறிக்கு மீன் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறும் நேரம், கெவின் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாடை நோகிறது, வாய் திறக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று நாக்குத் தடித்துச் சொன்னான்.

மீன் வெயிலில் கிடக்கிறது, மகன் நிற்கிறான். அத்தானுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. முதுகில் ஒரு குத்து விட்டு, தூக்கடா என்றார். கெவின் குனிந்தான், நிமிர முடியவில்லை. முழங்கால் மடிந்து மணலில் உட்கார்ந்தான். அத்தான் தலைமயிரில் பிடித்து முகத்தைத் தூக்கினார். அவன் கண்ணிமை இரண்டும் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தன. நித்திரை கொள்கிறாயா என்று கேட்டு ஓர் அறை விட்டார். இமை எழும்பவில்லை. இன்னோர் அறை விட்டார். கெவின் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. எச்சில் மட்டும் வாயோரம் வழிந்தது.

மூன்றாவது அறைக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. முதலில் கண்ணிமை விழும் என்று மயூரதி சொன்னது அப்போதுதான் அவர் தலைக்குள் போயிருக்க வேண்டும். அவர் முகம் அப்படி வெளுத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மயூரதி மூச்சுப் பையோடு ஓடி வந்தாள். அவன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே ஊசி குத்தியதுபோல் இரண்டு புள்ளி. மூச்சு இன்னும் இருக்கிறது, புத்தளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே கொண்டுபோக வேண்டும், அங்கேதான் மூச்சு மெஷின் இருக்கிறது என்றாள். நான் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். அது தூரத்தில் வேறொருவரை ஏற்றிக்கொண்டு நின்றது. நீங்கள் புறப்பட்டு வாருங்கள், பாலாவிச் சந்தியில் சந்திப்போம் என்றார்கள். முபாரிஸ் நானா லொறியில் ஏற்றிய மீனைக் கூடையோடு மணலில் தள்ளத் தொடங்கினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனுஷன்.

அப்போதுதான் அத்தான் அவர் முன்னால் போய்க் கையை நீட்டினார். ஐஸ் கொட்டில் பூட்டின் திறப்பைக் கேட்டார். அந்தக் குப்பிகளுக்குத்தான் என்று எல்லோருக்கும் விளங்கியது.

"அது மிஸ்ஸுட சாமான், எனக்குத் தர ஏலாது. மொதல்ல பொடியன ஏத்து கில்பட்" என்றார் முபாரிஸ் நானா.

கொட்டில் வாசலில் ஐஸ் உடைக்கிற மரச் சுத்தியல் சாய்த்து வைத்திருந்தது. அத்தான் அதை எடுத்து அவர் நெற்றியில் அடித்தார். அவர் லொறிச் சில்லோடு சரிந்து உட்கார்ந்தார். இரத்தம் கண்ணுக்குள் ஓடியது. அத்தான் அவர் இடுப்பிலிருந்து திறப்புக் கொத்தை அறுத்தெடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் ஓடினார். உள்ளே தட்டுமுட்டுச் சாமான்கள் உடைகிற சத்தம் கேட்டது. லொறித் திறப்பும் அந்தக் கொத்தில்தான் இருந்தது. மகன் மணலில் கிடக்க, லொறி நிற்க, தாயும் நானும் அவனைப் பிடித்துக்கொண்டு அந்தக் கொட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அத்தான் ஒரு கையில் குளிர்பெட்டியோடும் மறு கையில் சுத்தியலோடும் வெளியே வந்தார். முபாரிஸ் நானா ஐஸ் தண்ணீரை அள்ளிக் கண்ணைக் கழுவினார். உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தைக் கிழித்துத் தலையில் கட்டினார். அத்தானிடமிருந்து திறப்பைப் பறித்துக்கொண்டு ஓட்டுகிற இடத்தில் ஏறினார்.

"ஒண்ட மவன் மௌத்தாகக்கூடாது. ஒனக்கிட்டப் பொறகு கதைக்கிறேன்" என்றார்.

லொறியின் பின்தட்டில் வலையை விரித்துக் கெவினைக் கிடத்தினோம். தலைமாட்டில் மயூரதி, பக்கத்தில் நான், காலைப் பிடித்துக்கொண்டு அக்கா. அத்தான் குளிர்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்தார். நுரைச்சோலை தாண்டியதும் கெவினின் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றது. மயூரதி மூடியை அவன் முகத்தில் அழுத்தி, பையை அமுக்கத் தொடங்கினாள். நெஞ்சு மறுபடி ஏறியது. அவள் விட்டால் நிற்கும், அமுக்கினால் ஏறும். அவ்வளவு தெளிவாக இருந்தது. அத்தான் மட்டும் அதைப் பார்க்கவில்லை. அவர் கண் குப்பியில் இருந்தது.

விஷம் எடுக்கிற ஊசிகளும் அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். ஏற்று என்றார்.

அவள் கையை எடுக்காமலே சொன்னாள். இந்தக் குப்பிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஓர் உப்புக்கல்லின் துணுக்குக்கு வராது. அவன் உடம்பில் ஏறியிருக்கிற விஷத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. சுத்தம் செய்த மருந்துமில்லை, இரத்தத்தில் போனால் வேறு ஏதும் நடக்கும். இப்போது அவனுக்கு வேண்டியது காற்று மட்டும்தான்.

அத்தான் இடுப்பில் சொருகியிருந்த மீன் கத்தியை எடுத்து அவள் கழுத்தில் வைத்தார்.

"விசம் இதிலதான் குந்தும் எண்டு நீதானடி சொன்ன. என்ட மகனுக்குக் குடுக்காம ஆருக்கு வச்சிருக்கிற?"

"வெட்டுறதெண்டா வெட்டுங்க அண்ணே. அதுக்கு முதல் இதை அமுக்குறதுக்கு ஓராளை வைங்க."

கத்தியைப் போட்டுவிட்டு கைமுட்டியை மடக்கி அவள் முகத்தில் குத்தினார். நான் கேட்ட சத்தம் எலும்பா பல்லா என்று அப்போது தெரியவில்லை. அவள் பின்னால் சரிந்து லொறி விளிம்பில் தலை அடிபட விழுந்தாள். பை உருண்டு கதவோரம் போனது. நான் அவர் கழுத்தைக் கட்டிப் பிடித்தேன். ஒரே உதறில் என்னைத் தட்டின் மேல் எறிந்து, நெஞ்சில் முழங்காலால் ஏறி நின்றார். எனக்கும் மூச்சு நின்றது. குப்பியின் மூடியைப் பல்லால் கடித்துத் துப்பினார். தட்டில் தேங்கிக் கிடந்த ஐஸ் தண்ணீரை, மீன் இரத்தம் கலந்த அந்தத் தண்ணீரை, ஊசியில் உறிஞ்சிக் குப்பிக்குள் அடித்துக் கலக்கினார். மறுபடி ஊசிக்குள் இழுத்தார். மகனின் கையைப் பிடித்துத் திருப்பினார். அவர் அழுதுகொண்டிருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். என்ட ராசா, இப்ப சரியாகும், இப்ப சரியாகும் என்று சொல்லிக்கொண்டே நரம்பைத் தேடினார். கெவினின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. அவனுக்கு மூச்சு இல்லை என்பதை அந்தத் தகப்பன் ஒருதரம்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

அக்கா எழுந்தாள். ஓடுகிற லொறியில் நின்றபடி, தட்டில் கிடந்த சுத்தியலை இரண்டு கையாலும் தூக்கினாள். அவள் அவரைத் திட்டிக்கூட நான் கேட்டதில்லை. அடி விழும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள். அவருடைய வலது மணிக்கட்டைப் பார்த்து, ஐஸ் கட்டியை உடைக்கிற மாதிரி ஓங்கி ஒரே அடி அடித்தாள்.

முறிந்த சத்தம் இஞ்சின் இரைச்சலுக்கு மேலே கேட்டது. ஊசி தெறித்து ரோட்டில் விழுந்தது. குப்பி உடைந்து, அந்த வெள்ளைப் பூச்சு தட்டிலிருந்த தண்ணீரோடு போனது. அத்தான் கையை மடியில் வைத்துக்கொண்டு சுருண்டார். அக்கா இரண்டாவது தரமும் ஓங்கினாள். அவர் அசையவில்லை என்று கண்டதும் சுத்தியலை ரோட்டுக்கு எறிந்தாள்.

"தம்பி, மூடியைப் பிடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பையை எடுத்து அமுக்கத் தொடங்கினாள். கன்னம் உப்பிச் சிரித்த அந்த விளையாட்டில் படித்த வேலை. மயூரதி வாயில் இரத்தத்தோடு எழும்பி உட்கார்ந்து, இன்னும் மெதுவாக, இன்னும் மெதுவாக என்று எண்ணிக் கொடுத்தாள். கெவினின் நெஞ்சு ஏறியது. உதட்டின் கறுப்பு மெல்ல மெல்ல விட்டது. உப்பளங்களைத் தாண்டிப் பாலாவிச் சந்தியில் அம்புலன்ஸ் கண்ணில் படும்வரைக்கும் அக்கா கையை எடுக்கவில்லை, புருஷன் இருந்த பக்கம் திரும்பவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் மெஷின் அவனுக்காக மூச்சு விட்டது. அவன் கண்மூடிப் பிணம்போலத்தான் கிடந்தான். சிறுநீர் கடுந்தேயிலை நிறத்தில் போனது. இதற்கென்று அங்கே வைத்திருந்த ஊசி எதுவுமில்லை, காத்திருப்பதுதான் வைத்தியம் என்றார் டொக்டர். மயூரதி சொன்னதும் அதுதான்.

அத்தானின் முறிந்த கைக்கு அதே ஆஸ்பத்திரியில் மாக்கட்டுப் போட்டார்கள். கட்டுக் காய்வதற்குள் பொலிஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. முபாரிஸ் நானாவும் மயூரதியும் முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். நெற்றியில் தையலோடு முபாரிஸ் நானா ஒவ்வொரு நாளும் வந்து கெவினைப் பார்த்துவிட்டுப் போனார், ஆனால் முறைப்பாட்டை வாபஸ் வாங்கவில்லை. எங்கள் கரையிலிருந்து சிலர் மயூரதியிடம் போய், மகன் சாகிற நேரம் தகப்பன் என்ன செய்வான், மன்னித்துவிடுங்கள் மிஸ் என்று கேட்டார்கள். இந்தச் சனத்துக்கு அடித்தவனுக்காக நடந்து திரியக் காலில் அவ்வளவு பலம். அவளுக்குத் தாடையில் கம்பி கட்டியிருந்தது. குப்பிகள் எல்லாம் அந்த வெயிலில் கெட்டுப்போய்விட்டன, அந்த வலைக் காலத்தில் அவள் செய்த வேலை முழுக்க வீண். மூடிய பல்லுக்குள்ளால் அவள் சொன்னாள்:

"அவருக்கு அவர்ட மகன் பெரிசு. எனக்கு என்ட முகம் பெரிசு."

அதற்குப் பிறகு யாரும் கேட்கப் போகவில்லை.

மெஷினைக் கழற்றிய பிறகு கெவினுக்குப் பேச்சு வர இன்னும் சில நாள் எடுத்தது. மகனைப் பார்க்க வேண்டும் என்று அத்தான் சிறைக்குள் கெஞ்சியிருக்கிறார். விளக்கமறியலிலிருந்து முறிந்த கையை டொக்டருக்குக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அன்று, கூட வந்த பொலிஸ்காரர் இரக்கப்பட்டு வார்ட்டுக்குக் கூட்டிவந்தார். வலது கை மாக்கட்டுக்குள் இருந்ததால் விலங்கு இடது கையில் மாட்டியிருந்தது. நானும் அக்காவும் கட்டிலோரம் இருந்தோம். அக்கா எழும்பவில்லை.

அத்தான் வரும்போதே பேசிக்கொண்டு வந்தார். எப்படிப் பயந்தேன் தெரியுமா என்றார். உன்னைக் காப்பாற்றத்தான் அந்த மருந்தை எடுத்துவர ஓடினேன், யாரும் ஏற்ற விடவில்லை, நீ மயங்கிக் கிடந்ததால் உனக்கு ஒன்றும் தெரியாது என்றார். மாக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, உன் அம்மா செய்த வேலையைப் பார் என்றும் சொன்னார். சொல்லும்போது சிரிக்கக்கூடப் பார்த்தார்.

கெவின் அவரை முழுவதும் பேசவிட்டான். பிறகு தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

"நான் மயங்கல்ல அப்பா. எனக்கு எல்லாம் கேட்டிச்சு."

அத்தான் தூக்கிக் காட்டிய கையை இறக்கினார்.

"மணல்ல வச்சு நீங்க அறைஞ்சது நொந்திச்சு. கண்ணைத் திறக்கச் சொன்னீங்க, திறக்க ஏலாம இருந்திச்சு. லொறியில மிஸ்ஸுக்குக் குத்தினதும் கேட்டிச்சு. அதோட காத்து நிண்டு போச்சு. நீங்க என்னவோ கலக்கிக்கொண்டிருந்தீங்க. எனக்கு மூச்சு இல்ல எண்டு சொல்லவும் ஏலல்ல."

அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. அக்கா தண்ணீர்க் கோப்பையை எடுத்தாள், அவன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"பொறகு அம்மா அடிச்ச சத்தம் கேட்டிச்சு. அதுக்குப் பொறகுதான் மூச்சு வந்திச்சு."

அத்தான் அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மகனே, என்னைப் பார்டா என்று கடைசியில் கேட்டார். அந்தக் குரலில் அவர் எதையாவது கேட்டதை எங்கள் வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

கெவின் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். இந்தத் தடவை அவனாகத்தான் மூடினான்.